ஃபார்முலாவை கீழ இழுத்ததும் எரர் வருதா? ஒரு டாலர் குறி போதும்

எக்செல் மாதிரி ஸ்ப்ரெட்ஷீட்ல மார்க் லிஸ்ட் போட உக்காந்து, ஒரே ஒரு டாலர் குறி தெரியாம எனக்கு ஒரு சாயங்காலமே போச்சு, அதான் இதை எழுதுறேன். படிக்க வசதியா எல்லாத்தையும் தமிழ்ல போட்டிருக்கேன், ஷீட்ல அடிக்கும்போது இங்கிலீஷ் எழுத்துல அடிங்க.

ஏ காலம்ல (காலம்னா மேலேந்து கீழ போற பத்தி) பேரு, பி, சி, டி-ல மூணு பாட மார்க். இ2 கட்டத்துல =சம்(பி2:டி2) அடிச்சு என்டர். முன்னாடி = இல்லேன்னா அது வெறும் எழுத்துதான். =பி2+சி2+டி2ன்னும் போடலாம், ஆனா பின்னாடி நடுவுல ஒரு பாடத்தை சொருகினா சம் தானா சேத்துக்கும், இது சேக்காது. இப்ப கட்டத்தோட வலது கீழ் மூலைல இருக்கிற குட்டி சதுரத்தைப் புடிச்சு கீழ இழுங்க, எல்லாருக்கும் மொத்தம் வந்துரும்.

அடுத்தது சதவீதம், நான் மாட்டுனது இங்கதான். அதிகபட்ச மார்க் 300-ஐ எச்1-ல வெச்சுட்டு எஃப்2-ல =இ2/எச்1 போட்டேன். முதல் ஆளுக்கு 240 மார்க், 0.8 கரெக்டா வந்துச்சு. கீழ இழுத்தா வரிசையா #டிவ்/0! தான்! காரணம் என்னன்னா, ஒரு வரி இறங்கும்போது இ2 இ3 ஆகுற மாதிரியே எச்1-உம் எச்2 ஆயிடுது, அங்க ஒன்னுமில்ல, காலி கட்டம்னா கணக்குக்கு சைபர், சைபரால வகுக்க முடியாதுல்ல. அதனால =இ2/$எச்$1ன்னு எழுதணும். எழுத்துக்கு முன்னாடி இருக்கிற டாலர் காலத்தைப் புடிச்சு வெக்கும், எண்ணுக்கு முன்னாடி இருக்கிறது வரியை. இங்க எச்$1 மட்டுமே போதும், ஆனா புதுசா கத்துக்கிறவங்க ரெண்டையும் போட்டுருங்க. எச்1 அடிச்சவுடனே எஃப்4 கீயை அமுக்கினா டாலர் தானா விழும், சில லேப்டாப்ல எஃப்என் கீயையும் சேத்து அமுக்கணும்.

0.8-ஐ 80% ஆக்க % பட்டன் போதும். 100-ஆல பெருக்கிட்டு அதையும் அமுக்கினா 8000% காட்டும், பையன் பயங்கர அறிவாளி ஆயிடுவான்.

பழக எனக்குப் புடிச்சது லிப்ரேஆபிஸ் கால்க், எக்செல் மாதிரியே ஒரு சாஃப்ட்வேர், இலவசம், நெட்டும் வேணாம். மொபைல்ல மட்டும் கத்துக்காதீங்க, விரலால இழுக்கிறது பெரிய அவஸ்தை.

அப்டேட்: சம் போட்டா 0 வருது, + போட்டா மட்டும் சரியா வருதுன்னு ரெண்டு பேர் கேட்டாங்க. வேற எங்கிருந்தோ காப்பி பண்ண மார்க்கா இருக்கும், எண்ணு இடது பக்கமா ஒட்டி நிக்குதான்னு பாருங்க, நின்னா ஷீட் அதை எழுத்தா எடுத்திருக்கு, சம் அதைக் கண்டுக்காது. காலியா இருக்கிற காலம்ல =வேல்யூ(பி2) போட்டு இழுத்து (இது எழுத்தை எண்ணா மாத்தும்), வந்ததை காப்பி பண்ணி பழைய இடத்துல வேல்யூஸ் மட்டும், அதாவது ஃபார்முலா இல்லாம வெறும் எண்ணை, பேஸ்ட் பண்ணுங்க.