கம்ப்யூட்டர் அசெம்பிளியில் ஸ்க்ரூ முடுக்குவது: பிட், மரை, டார்க்

ஒரு கம்ப்யூட்டரைப் பூட்டி முடிப்பதற்குள் முப்பது நாற்பது ஸ்க்ரூவாவது முடுக்க வேண்டியிருக்கும். அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு அளவு பார்க்கும் கருவியே தேவையில்லை. சரியான பிட், சரியான மரை, விரல் நிதானம் இருந்தால் போதும். சில இடங்களில் மட்டும் முறுக்குவிசை, அதாவது டார்க், கூடினாலும் குறைந்தாலும் கோளாறு உடனே தெரியும்: ஒரு மெமரி ஸ்லாட் காணாமல் போகும், ப்ராசஸர் சூடேறும், போர்டு வளையும். எந்த ஸ்க்ரூ எந்த வகை என்று முதலிலேயே தெரிந்துகொண்டால் வேலையில் பாதி முடிந்தது.

பையைக் கொட்டிப் பிரித்துவையுங்கள்

கேபினெட்டோடு வரும் பையில் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும் இரண்டு வகை ஸ்க்ரூக்கள் கலந்து கிடக்கும். ஒன்று 6-32. விட்டம் 3.5 மில்லிமீட்டர், அங்குலத்துக்கு 32 மரை. மற்றது எம்3. விட்டம் 3 மில்லிமீட்டர், மரைக்கு மரை இடைவெளி 0.5 மில்லிமீட்டர். 6-32இல் அந்த இடைவெளி சுமார் 0.8. பக்கத்தில் வைத்துப் பார்த்தால் 6-32இன் மரை தடித்து, இடைவெளி விட்டுத் தெரியும். எம்3 நெருக்கமாக இருக்கும்.

பவர் சப்ளை, கிராபிக்ஸ் கார்டின் பிராக்கெட், 3.5 அங்குல ஹார்டு டிஸ்க், பக்கத் தகடு ஆகியவற்றுக்கு 6-32. 2.5 அங்குல எஸ்.எஸ்.டி.க்கும் டிவிடி டிரைவுக்கும் எம்3. மதர்போர்டைத் தாங்கும் பித்தளை ஸ்டாண்டாஃப் இரண்டு வகையிலும் வருகிறது, அதனால் போட்டுப் பார்த்துத்தான் முடிவுசெய்ய வேண்டும். மதர்போர்டிலேயே செருகும் எம்.2 எஸ்.எஸ்.டி.க்குப் பெரும்பாலும் எம்2 (விட்டம் 2 மில்லிமீட்டர்), அதுவும் மூன்று மில்லிமீட்டர் நீளக் குட்டி ஸ்க்ரூ.

எம்3ஐ 6-32 துளையில் போட்டால் ஆடிக்கொண்டே உள்ளே போகும், மரையின் நுனியை மட்டும் பிடிக்கும், கொஞ்சம் இறுக்கியதும் மரை போய்விடும். 6-32ஐ எம்3 துளையில் போட்டால் அரைச் சுற்றிலேயே நிற்கும். அங்கே ஸ்க்ரூடிரைவரை வைத்து அழுத்தித் திருகினால் ஸ்க்ரூ தனக்கென்று புது மரை வெட்டிக்கொண்டு போகும், எஸ்.எஸ்.டி.யின் துளை அதோடு போச்சு. எந்த ஸ்க்ரூவானாலும் கருவி இல்லாமல் வெறும் விரலாலேயே இரண்டு மூன்று சுற்று போக வேண்டும். போகவில்லை என்றால் அது அந்தத் துளைக்கு உரியதல்ல.

நீளத்தையும் பாருங்கள். 25 மில்லிமீட்டர் தடிமன் ஃபேனை வாட்டர் கூலிங் ரேடியேட்டரில் மாட்ட 30 மில்லிமீட்டர் ஸ்க்ரூ வரும். ரேடியேட்டரை நேராகக் கேபினெட் தகட்டில் பிணைக்க ஐந்தாறு மில்லிமீட்டர் ஸ்க்ரூ வரும். இரண்டையும் மாற்றிப் போட்டால் நீளமானது ரேடியேட்டரின் தண்ணீர்க் குழாயைக் குத்திவிடும். சில ரேடியேட்டர்களில் துளைக்கு நேர் கீழே தடுப்புத் தகடு இருக்கும், எல்லாவற்றிலும் இருக்காது. ஹார்டு டிஸ்க்கிலும் பக்கத் துளைக்குள் ஸ்க்ரூ 3.8 மில்லிமீட்டருக்கு மேல் இறங்கக் கூடாது.

பிட் உட்கார்ந்தால்தான் டார்க்

6-32க்கு பி.எச்.2 (பி.எச். என்றால் பிலிப்ஸ், கூட்டல் குறி வடிவத் தலை), எம்3க்கு பி.எச்.1, எம்2க்கு பி.எச்.0. இதுதான் அடிப்படை. எம்3 என்ற பெயரில் வரும் சில ஸ்க்ரூக்களின் தலை பெரிதாக இருந்து பி.எச்.2 கேட்கும், ஆகையால் பிட்டை வைத்துப் பார்த்துவிடுங்கள். ஸ்க்ரூவை மேசையில் தலைகீழாக நிறுத்தாமல் கையில் பிடித்து, பிட்டைக் குழியில் வைத்து லேசாக ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் பிட் சிறியது. குழியின் அடிவரை இறங்காமல் மேலேயே நின்றால் பெரியது. சிறிய பிட்டில் டார்க் முழுவதும் குழியின் நான்கு ஓரங்களில் மட்டும் ஏறும். ஓரம் மழுங்கும், பிட் வழுக்கி வெளியே வரும், வந்த வேகத்தில் மதர்போர்டின் செம்புத் தடத்தைக் கீறும். இப்படிக் கீறல் விழுந்து போன போர்டுகள், ஸ்க்ரூவை மிகையாக இறுக்கிப் போன போர்டுகளைவிடக் குறைவில்லை.

ஸ்க்ரூ தலையில் சின்னப் புள்ளி ஒன்று அச்சாகியிருந்தால் அது ஜப்பானியத் தர அளவில் வெட்டப்பட்டது. பிலிப்ஸ் பிட் அதில் முழுசாக இறங்காது. ஜப்பானிய அளவு ஸ்க்ரூடிரைவர் ஒன்றை வைத்திருந்தால் இரண்டு வகைக்கும் ஆகும்.

இவற்றோடு நட்சத்திர வடிவத் தலைக்கான டார்க்ஸ் டி20, சர்வர் வேலை செய்பவர்களுக்கு டி30, ஸ்டாண்டாஃப் முடுக்க 5 மில்லிமீட்டர் நட் டிரைவர், உயரமான கூலருக்கு 150 மில்லிமீட்டர் நீளத் தண்டுள்ள பி.எச்.2 ஆகியவை வேண்டும். நுனியில் காந்தம் இருக்கட்டும். எஸ்.எஸ்.டி.க்கும் போர்டுக்கும் அதனால் ஆபத்தில்லை. போர்டின் பின்னால் ஸ்க்ரூ விழுந்து ஷார்ட் ஆவதுதான் உண்மையான ஆபத்து.

துளைபோடும் மெஷினும் இம்பாக்ட் டிரைவரும் இந்த வேலைக்கு வேண்டாம். பேனா அளவு எலெக்ட்ரிக் ஸ்க்ரூடிரைவர் மரையை ஓட்டிவிட உதவும். கடைசி இறுக்கம் கையால்தான்.

மரை பிடிக்கும் அந்த "டிக்"

ஸ்க்ரூவைத் துளையில் நேராக வைத்து, முதலில் கழற்றும் பக்கமாக மெதுவாகச் சுற்றுங்கள். ஒரு சுற்றுக்குள் ஸ்க்ரூ அரை மில்லிமீட்டர் கீழே விழுவதுபோல் "டிக்" என்று விரலுக்குத் தெரியும். ஸ்க்ரூவின் மரைத் தொடக்கமும் துளையின் மரைத் தொடக்கமும் சந்தித்த இடம் அது. அங்கிருந்து முன்பக்கம் திருப்பினால் மரை கோணலாக ஏறவே ஏறாது. அலுமினியம், பித்தளை, பிளாஸ்டிக் துளைகளில் இதைத் தவறாமல் செய்யுங்கள்.

டார்க் என்ன செய்கிறது என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. ஸ்க்ரூ பிடிக்கும் விசை, டார்க்கை விட்டத்தாலும், உராய்வைப் பொறுத்து மாறும் ஒரு குணகத்தாலும் வகுத்தால் கிடைப்பது. உலர்ந்த எஃகுக்கு அந்தக் குணகம் ஏறத்தாழ 0.2. ஓர் எம்3 ஸ்க்ரூவை 0.6 நியூட்டன் மீட்டரில் இறுக்கினால் கிடைக்கும் பிடி சுமார் 1000 நியூட்டன், அதாவது நூறு கிலோ எடை அழுத்துவதற்குச் சமம். ஒரே ஒரு ஸ்க்ரூவில்! அதனால்தான் "இன்னும் கால் சுற்று இருக்கட்டும்" என்ற பழக்கம் இங்கே செலவு வைக்கும். மரையில் எண்ணெய் பட்டால் உராய்வு குறைந்து, அதே டார்க்கில் பிடி இன்னும் கூடும். கையேட்டில் வேறுவிதமாகச் சொல்லாதவரை மரையை உலர்ந்தே வைத்திருங்கள்.

கூலர்: எங்கே நிற்கிறது என்று பாருங்கள்

இன்றைய கூலர்கள் பலவற்றில் ஸ்க்ரூவுக்கு ஒரு முட்டு இருக்கும். ஸ்பிரிங்தான் அழுத்தத்தைத் தீர்மானிக்கிறது. ஸ்க்ரூ முட்டில் போய் நின்றதும் வேலை முடிந்தது. கூலர் தயாரிக்கும் நாக்டுவாவின் வழிமுறை, ஸ்க்ரூ நிற்கும்வரை முடுக்கு, 0.6 நியூட்டன் மீட்டரைத் தாண்டாதே என்கிறது. முட்டுக்கு அப்பால் போடும் பலம் அழுத்தத்தைக் கூட்டாது. ஸ்க்ரூவின் கழுத்தை முறிக்கும், அல்லது பின்தகட்டின் மரையைப் பிடுங்கும்.

முடுக்கும் வரிசை இதுதான். எல்லா ஸ்க்ரூவையும் இரண்டிரண்டு சுற்று மட்டும் பிடிக்கவிடுங்கள். பிறகு எதிரெதிர் மூலையாக, ஒரு முறைக்கு ஒன்றரைச் சுற்று, மாறிமாறிப் போங்கள். ஒரு பக்கத்தை முழுசாக இறுக்கிவிட்டு மறுபக்கம் போனால் தெர்மல் பேஸ்ட் ஒரு பக்கமாக ஒதுங்கும், ஹீட்சிங்க், அதாவது சூட்டை இழுக்கும் உலோகப் பகுதி, சாய்ந்தே உட்காரும். கிராபிக்ஸ் கார்டிலும் லேப்டாப்பிலும் சிலிக்கான் சில்லு மூடியில்லாமல் இருப்பதால் சாய்ந்த ஹீட்சிங்க் அதன் மூலையைச் சிதைத்துவிடும். அந்தச் சேதத்துக்குப் பரிகாரம் கிடையாது.

முட்டு வர வேண்டிய இடத்தில் வரவில்லை, திருகத் திருகப் போய்க்கொண்டே இருக்கிறது என்றால் நிறுத்துங்கள். சாக்கெட்டுக்கு மாறான ஸ்டாண்டாஃப் போட்டிருக்கும், இல்லாவிட்டால் பின்தகடு தலைகீழாக இருக்கும். பலம் போட்டுச் சரியாகும் விஷயம் அல்ல இது.

அளவு பார்த்தே தீர வேண்டிய சாக்கெட்டுகள்

ஏஎம்டி த்ரெட்ரிப்பர் சாக்கெட்டில் மூன்று டி20 ஸ்க்ரூக்கள் உண்டு, பக்கத்திலேயே 1, 2, 3 என்று எண் போட்டிருக்கும். முடுக்கும்போது 1, 2, 3. கழற்றும்போது 3, 2, 1. பெட்டியில் வரும் சின்ன டிரைவர் 1.5 நியூட்டன் மீட்டருக்கு அமைக்கப்பட்டது; அளவு எட்டியதும் "கிளிக்" என்று நழுவும். அதைத் தூக்கிப் போட்டுவிட்டுச் சாதாரண டி20 எடுக்காதீர்கள். முதல் தலைமுறை டிஆர்4 சாக்கெட்டிலேயே 4094 தொடுமுனைகள். மூன்று ஸ்க்ரூவும் சமமாக அழுத்தாவிட்டால் ஒரு மூலையில் சில முனைகள் சரியாகத் தொடாது. கம்ப்யூட்டர் எழுந்துவிடும், ஆனால் எட்டு மெமரி ஸ்டிக்கில் ஆறு மட்டும் தெரியும், அல்லது ஒரு விரிவாக்க ஸ்லாட் செத்துக் கிடக்கும். பலர் மெமரி பழுது என்று எண்ணி அதை மாற்றிப் பார்ப்பார்கள். முதலில் கூலரைக் கழற்றி, ப்ராசஸரை மறுபடி உட்காரவைத்து, எண் வரிசையில் கிளிக் வரை முடுக்கிப் பாருங்கள்.

இன்டெல் ஸியான் சர்வர்களில் ஹீட்சிங்க் ஸ்க்ரூவே தொடுமுனை அழுத்தத்தையும் தருகிறது. எல்ஜிஏ 3647 சாக்கெட்டில் டி30 பிட், 12 அங்குல-பவுண்டு, அதாவது சுமார் 1.4 நியூட்டன் மீட்டர். அடுத்து வந்த எல்ஜிஏ 4189இலும் 4677இலும் 8 அங்குல-பவுண்டு, சுமார் 0.9. பழைய சர்வரின் பழக்கத்தில் புதியதையும் 12க்கு இறுக்கினால் அளவு ஒன்றரை மடங்காகிவிடும். ஹீட்சிங்க் மேல் ஒட்டியிருக்கும் லேபிளில் வரிசை எண் இருக்கும், அதைப் பின்பற்றுங்கள்.

இன்டெலின் எல்ஜிஏ 1700 சாக்கெட்டில் ப்ராசஸர் நடுவில் வளைகிறது என்பதற்காகச் சிலர் பூட்டுச் சட்டத்தைக் கழற்றிவிட்டுத் தனிச் சட்டம் போடுவார்கள். பழைய சட்டத்துக்கு டி20. புதிய சட்டத்தில் முட்டு இல்லாத வகைகள் உண்டு. அங்கே கால் கால் சுற்றாக, எதிரெதிர் மூலையாகப் போய், தொட்டதும் தயாரிப்பாளர் சொன்ன அளவோடு நிறுத்த வேண்டும். கூடினாலும் குறைந்தாலும் இங்கேயும் மெமரி சேனல்தான் முதலில் பாதிக்கப்படும்.

மற்ற இடங்கள்

கையேடு எதுவும் சொல்லாதபோது நாங்கள் பின்பற்றும் அளவுகள்: எம்.2 ஸ்க்ரூ 0.15 முதல் 0.2 நியூட்டன் மீட்டர், எஸ்.எஸ்.டி.யின் எம்3 சுமார் 0.4, மதர்போர்டு 0.4 முதல் 0.5; ஹார்டு டிஸ்க் 0.6க்குள், பவர் சப்ளையும் கிராபிக்ஸ் கார்டும் 0.6 முதல் 0.8. கருவி இல்லையென்றால் கைப்பிடியை உள்ளங்கையால் பிடிக்காதீர்கள். கட்டைவிரலும் இரண்டு விரலும் மட்டும் மெல்லிய தண்டைப் பிடிக்கட்டும். அப்படிப் பிடித்தால் அரை நியூட்டன் மீட்டரை நெருங்குவதே கஷ்டம். உள்ளங்கைப் பிடியோ இரண்டைச் சுலபமாகத் தாண்டும்.

ஸ்டாண்டாஃபை நட் டிரைவரால் நன்றாக இறுக்கிவிட்டுத்தான் போர்டை வைக்க வேண்டும். தளர்வாக விட்டால் பின்னால் போர்டு ஸ்க்ரூவைக் கழற்றும்போது ஸ்டாண்டாஃபும் சேர்ந்து சுற்றும். போர்டில் துளை இல்லாத இடத்தில் ஸ்டாண்டாஃப் இருந்தால் எடுத்துவிடுங்கள், ஷார்ட் ஆகும். போர்டு ஸ்க்ரூக்களை எல்லாம் தளர்வாகப் போட்டு, நடுவில் தொடங்கி வெளியே இறுக்கிக்கொண்டு வாருங்கள்.

ஃபேன் ஸ்க்ரூ பிளாஸ்டிக்கில் தானே மரை வெட்டிப் போவது. தலை தகட்டைத் தொட்டதும் போதும். வாட்டர் கூலிங்கின் ஜி 1/4 அளவுக் குழாய் இணைப்புகளுக்கு விரல் இறுக்கம் மட்டும். கசிவைத் தடுப்பது ரப்பர் வளையம், பலம் அல்ல. ஸ்பானர் வைத்தால் அக்ரிலிக் விரிசல் விடும்.

டார்க் ஸ்க்ரூடிரைவர் வாங்கும்போது

வீட்டு வேலைக்கு 0.2 முதல் 1.5 நியூட்டன் மீட்டர் வரை உள்ளடக்கும் ஒன்று போதும். ஐஎஸ்ஓ 6789 தரத்தில் இந்த வகைக்கு அனுமதிக்கப்பட்ட பிழை கூட்டிக் குறைத்து 6 சதவீதம்; மறுசரிபார்ப்பு 5000 முறை அல்லது 12 மாதத்துக்கு ஒருமுறை. மெதுவாகத் திருப்புங்கள், ஒரு கிளிக்கோடு நிறுத்துங்கள். இரண்டாவது கிளிக் கூடுதல் இறுக்கம்தான். கழற்றுவதற்கு அதைப் பயன்படுத்தாதீர்கள். வேலை முடிந்ததும் அளவைக் கீழ் எல்லைக்குக் கொண்டுவந்து வைத்தால் உள்ளே ஸ்பிரிங் தளராமல் இருக்கும்.

அலகைக் கவனமாகப் படியுங்கள். 1 நியூட்டன் மீட்டர் என்பது 100 சென்டிநியூட்டன் மீட்டர், 8.85 அங்குல-பவுண்டு, 10.2 கிலோ-சென்டிமீட்டர். கையேட்டில் வெறும் "6" என்று பார்த்துவிட்டு அலகைத் தவறவிட்டால் ஸ்க்ரூ முறியும்.

தலை தேய்ந்துவிட்டால்

அகலமான ரப்பர் பேண்டை மடிக்காமல் குழியின் மேல் வைத்து, ஒரு அளவு பெரிய பிட்டால் கீழ்நோக்கி அழுத்தி மெதுவாகக் கழற்றுங்கள். தலை மேலே தெரிந்தால் நுனி பிடிக்கும் இடுக்கியே சுலபம். போர்டின் மேல் துளைபோடும் மெஷினைக் கொண்டுபோகும் முன், போர்டை மூடி, உலோகத் தூள் விழாதபடி சுற்றிலும் டேப் ஒட்டுங்கள். ஸ்டாண்டாஃப் சேர்ந்து சுற்றினால், போர்டுக்கும் தகட்டுக்கும் நடுவே மெல்லிய இடுக்கியைச் செருகி அதன் ஆறு பக்கத்தில் இரண்டைப் பிடித்துக்கொண்டு மேலே ஸ்க்ரூவைத் திருப்புங்கள்.