நிரல் எழுதுவோர் விசைப்பலகை வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதுச்சேரி நேரு வீதியிலோ கடலூர் லாரன்ஸ் சாலையிலோ ஒரு கணினிக் கடைக்குள் நுழைந்து விசைப்பலகை கேட்டால், கடைக்காரர் பெட்டியைப் பிரித்து மேசைமேல் வைப்பார். நாமும் நின்றபடியே நம் பெயரை இரண்டு முறை தட்டிப் பார்த்துவிட்டு, நன்றாகத்தான் இருக்கிறது என்று பணத்தைக் கொடுத்துவிடுகிறோம். நிரல் எழுதுவதையே தொழிலாகக் கொண்டவர்கள் செய்யும் முதல் தவறு இதுதான். பெயரைத் தட்டும்போது வேலை செய்பவை எழுத்து விசைகள் மட்டுமே. முழு அளவு விசைகள் கொண்ட எந்தப் பலகையிலும் அவை ஏறத்தாழ 19 மில்லிமீட்டர் இடைவெளியில் ஒரே வரிசையில்தான் அமைந்திருக்கும். நிரலாளரின் கைக்குச் சுகமோ வலியோ தருபவை ஓரங்களில் இருக்கும் விசைகள். அரைப்புள்ளி, மேற்கோள் குறி, சதுர அடைப்புக்குறி, நெளிவு அடைப்புக்குறி, பின்சாய்கோடு, சமக்குறி, என்டர், பேக்ஸ்பேஸ், வலது ஷிஃப்ட் ஆகிய அனைத்தும் வலக்கைச் சுண்டுவிரலின் பொறுப்பில் இருக்கின்றன. டேப், கன்ட்ரோல், எஸ்கேப், இடது ஷிஃப்ட் ஆகியவை இடக்கைச் சுண்டுவிரலின் பொறுப்பு. கையிலேயே வலுக் குறைந்த விரலுக்குத்தான் இவ்வளவு சுமையும் போய்ச் சேர்கிறது.

ஆகவே கடையில் பார்க்க வேண்டியது இந்த ஓர விசைகளைத்தான். இடத்தை மிச்சப்படுத்துவதற்காகப் பின்சாய்கோட்டு விசையைச் சுருக்கியோ, வலது ஷிஃப்டை அரையளவாக்கி அதன் பக்கத்தில் அம்புக்குறியை நெருக்கியோ சில தயாரிப்புகள் வருகின்றன. பேக்ஸ்பேஸின் தலைமேல் மின்பொத்தானை வைத்திருப்பவையும் உண்டு. வாங்கப் போகும்போது நீங்கள் அண்மையில் எழுதிய நிரலில் இருபது வரிகளைத் தாளில் எடுத்துச் சென்று, ஒரு நாற்காலி கேட்டு வாங்கி உட்கார்ந்து, கடைக்காரரின் கணினியில் அதைத் தட்டிப் பாருங்கள். பத்து நிமிடத்தில் விரல் எங்கெங்கே தடுமாறுகிறது என்பது தெரிந்துவிடும்.

அடுத்த தவறு, கொடுக்கும் பணத்துக்கு விசைகள் நிறைய இருக்க வேண்டும் என்று எண்ணி, 104 விசைகள் கொண்ட முழுப் பலகையையே கேட்பது. இதை நான் என் தோளில் அனுபவித்தேன். கடலூரிலிருந்து புதுச்சேரிக்கு நாள்தோறும் பேருந்தில் வந்து வேலை பார்த்த காலத்தில், மாலையில் மேற்கம்பியைப் பிடிக்க வலக்கையைத் தூக்க முடியாத அளவுக்குத் தோள் வலித்தது. நின்றுகொண்டே போகும் பயணந்தான் காரணம் என்று நெடுநாள் நினைத்திருந்தேன். உண்மையில், எழுத்துப் பகுதிக்கு நேராக உடம்பை வைத்து உட்கார்ந்தால், வலப்பக்கத்து எண்பகுதியையும் தாண்டிய பிறகே மவுஸுக்கு இடம் கிடைக்கிறது. அதனால் நாள் முழுவதும் கை உடம்பைவிட்டு வெளிப்பக்கமாக விலகியே நிற்கிறது. எண்பகுதி இல்லாத 87 விசைப் பலகைக்கு மாறியதும் மவுஸ் எட்டு ஒன்பது சென்டிமீட்டர் உள்ளே வந்தது; சில வாரங்களில் வலியும் போய்விட்டது. கணக்கு எழுதுவோருக்கு எண்பகுதி வேண்டும், அதில் ஐயமில்லை. நிரலில் எண்களை அவ்வளவு தட்டுவதில்லை.

இதைக் கேட்டுவிட்டு எதிர்ப்பக்கம் ஓடுவதும் தவறே. 61 விசைகள் மட்டுமே கொண்ட சிறிய பலகைகளில் தனி அம்புக்குறிகள் இல்லை. ஹோம், எண்ட், மேல்வரிசை எஃப் விசைகள் எதுவும் இல்லை. பிழை தேடும்போது எஃப்10, எஃப்11 ஆகியவற்றை மாறி மாறி அழுத்துகிறவருக்கு ஒவ்வொரு முறையும் எஃப்என் விசையைப் பிடித்துக்கொண்டு எண்வரிசையில் உள்ள ஒரு விசையை அழுத்த வேண்டியிருக்கும். அவ்வகைப் பலகையில் பழகி மகிழ்ச்சியாக வேலை செய்பவர்களும் இருக்கிறார்கள்; ஆனால் முதன்முதலாக வாங்குபவருக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன்.

விசை எந்த இடத்தில் வந்ததோ அங்கேயே இருக்கத்தான் வேண்டும் என்று நினைப்பது இன்னொரு தவறு. 1970-களில் அமெரிக்க நிரலாளர் பில் ஜாய், நிரல் எழுதப் பயன்படும் விஐ என்னும் எடிட்டரை, திரையும் விசைப்பலகையும் ஒன்றாக அமைந்த ஏடிஎம்-3ஏ என்ற முனையத்தில் எழுதினார். அதில் எஸ்கேப் விசை இன்றைய டேப் இருக்கும் இடத்திலும், கன்ட்ரோல் விசை இன்றைய கேப்ஸ் லாக் இருக்கும் இடத்திலும் இருந்தன. அன்று சுண்டுவிரலுக்கு அருகில் இருந்த எஸ்கேப் இன்று மேல்மூலைக்குப் போய்விட்டது. விஐயின் வழிவந்த விம் எடிட்டரில் வேலை செய்பவர் நாளுக்கு நூற்றுக்கணக்கான முறை அதை எட்டிப் பிடிக்கிறார். யாருக்கும் அதிகம் பயன்படாத கேப்ஸ் லாக்கை எஸ்கேப்பாகவோ கன்ட்ரோலாகவோ மாற்றிக்கொள்ள லினக்ஸ், மேக் அமைப்புகளிலேயே வழி இருக்கிறது. விண்டோஸில் ஒரு சிறு இலவச மென்பொருள் போதும். புதுப் பலகைக்குப் பணம் செலவிடும் முன் இதைச் செய்து ஒரு வாரம் பாருங்கள் என்பேன். வாங்க நினைத்த எண்ணமே மாறிவிடக்கூடும்.

ஒவ்வொரு விசைக்கும் அடியில் தனி ஸ்விட்ச் வைத்த மெக்கானிக்கல் பலகை என்றாலே சுகம் என்று நம்பி, ஸ்விட்சின் நிறத்தை மட்டும் கேட்டு வாங்குவதும் பரவலாகியிருக்கிறது. செர்ரி நிறுவனத்தின் எம்எக்ஸ் வரிசையில் சிவப்பு ஸ்விட்சை இயக்க ஏறத்தாழ 45 கிராம் அழுத்தம் போதும், கறுப்புக்கு 60 கிராம் வேண்டும்; பழுப்பில் பாதி வழியில் மெல்லிய தடை விரலுக்குத் தெரியும், நீலத்தில் அதோடு 'க்ளிக்' என்ற ஒலியும் எழும். பிற நிறுவனங்களும் இதே நிறப்பெயர்களைப் பயன்படுத்துகின்றன. ஆனால் அளவுகள் அதேதான் என்று உறுதி கூற முடியாது. இவற்றுள் எது நல்லது என்பதைவிட நீங்கள் எப்படித் தட்டுகிறீர்கள் என்பது முதன்மையானது. நம் பக்கத்தில் பலர் தட்டச்சுப் பயிலகத்தில் பழைய இயந்திரத்தில் பழகியவர்கள். விரல்களை நடுவரிசையில் வைக்கும் பழக்கத்தை அது கொடுத்தது, அது பெரிய செல்வம். ஆனால் எழுத்து தாளில் பதிய வேண்டும் என்று ஓங்கிக் குத்தும் பழக்கத்தையும் சேர்த்தே கொடுத்தது. வழக்கமான எம்எக்ஸ் ஸ்விட்சில் 2 மில்லிமீட்டர் இறங்கியதுமே எழுத்து பதிந்துவிடும், மீதி 2 மில்லிமீட்டர் வெறும் இறக்கம். ஓங்கிக் குத்துகிறவர் மிக இலகுவான சிவப்பை எடுத்தால், ஒவ்வொரு தட்டலிலும் விசை அடித்தளத்தில் மோதி, அந்த அதிர்ச்சி விரல் கணுவுக்குத் திரும்பி வரும். அவர்களுக்குப் பழுப்பு போன்ற, பதிந்ததை விரலுக்கு உணர்த்தும் வகை பொருந்துகிறது. வீட்டிலிருந்து இரவில் வேலை பார்ப்பவர்கள் நீலத்தைத் தவிர்ப்பது வீட்டில் உறங்குவோருக்குச் செய்யும் உதவி.

பலகை நல்லதாக இருந்தும் வைக்கும் முறையால் கெட்டுப்போவது மிகுதி. பின்பக்கம் இரண்டு சிறு கால்கள் இருக்கின்றன என்பதற்காக அவற்றை விரித்துவிடுகிறோம். பின்பக்கம் உயர்ந்தால் விரல்கள் மேல்நோக்க, மணிக்கட்டு பின்புறமாக மடங்குகிறது. விரல்களை இயக்கும் தசைநாண்களும் நடு நரம்பும் செல்லும் குறுகிய வழியில் அழுத்தம் கூடுகிறது. கால்களை மடக்கியே வையுங்கள். மணிக்கட்டுத் திண்டும் அப்படித்தான்: அது தட்டாமல் யோசிக்கும் நேரத்தில் உள்ளங்கையின் அடிப்பகுதியைச் சாய்த்து வைப்பதற்கானது; மணிக்கட்டை அதில் ஊன்றிக்கொண்டு தட்டினால் அந்த நரம்பின்மேலேயே பாரம் இறங்கும். மேசை உயரமாக இருந்து தோள் தூக்கி நின்றால், நாற்காலியை ஏற்றி, காலுக்கு அடியில் ஒரு மரக்கட்டை போட்டுக்கொண்டு, முழங்கை ஏறக்குறைய செங்கோணத்தில் இருக்கும்படி அமைத்துக்கொள்ள வேண்டும். மடிக்கணினியை உயர்த்தி வைப்பவர் தனி விசைப்பலகை இல்லாமல் இதைச் செய்யவே முடியாது.

புதுச்சேரிக்கே உரிய ஒரு தவறும் உண்டு. பாரீசிலிருந்து வரும் உறவினர் அன்போடு கொண்டுவந்து கொடுக்கும் பலகை பெரும்பாலும் பிரெஞ்சு அமைப்பில் இருக்கும். விண்டோஸில் வழக்கமான அந்த அமைப்பில் எண்களுக்கே ஷிஃப்ட் வேண்டும். நெளிவு அடைப்புக்குறியைத் திறக்க வலது ஆல்ட்டோடு 4-ஐயும், சதுர அடைப்புக்குறியைத் திறக்க வலது ஆல்ட்டோடு 5-ஐயும் சேர்த்து அழுத்த வேண்டும். பிரெஞ்சில் கடிதம் எழுதுவோருக்கு அது அருமையானது, அடைப்புக்குறிகளிலேயே வாழ்கிற நமக்கு அது சுமை. மென்பொருளில் அமெரிக்க அமைப்புக்கு மாற்றினால் குறிகள் இடம் மாறும், விசைமேல் அச்சிட்டது ஒன்றாகவும் திரையில் வருவது வேறொன்றாகவும் இருக்கும். தமிழுக்கென்று தமிழ் எழுத்து அச்சிட்ட பலகையைத் தேடி அலைவதும் தேவையில்லை. 1999-இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டையொட்டித் தரப்படுத்தப்பட்ட தமிழ்99 அமைப்பு மென்பொருளாகவே எந்தப் பலகையிலும் இயங்கும், உயிர் இடப்பக்கம், மெய் வலப்பக்கம் என்பதால் மனத்திலும் விரைவில் பதியும்.

இரண்டாகப் பிளந்து தோள் அகலத்துக்கு விலக்கி வைக்கும் பலகைகள் மணிக்கட்டு வெளிப்பக்கம் வளைவதை உண்மையாகவே குறைக்கின்றன. எனினும் வாங்கிய மறுநாளே பழைய வேகம் வரும் என்று நம்பி, வேலை நெருக்கும் வாரத்தில் அதற்கு மாறாதீர்கள். கை பழகச் சில வாரங்கள் ஆகும். கட்டைவிரல், சுட்டுவிரல், நடுவிரல் ஆகியவை இரவில் மரத்துப்போய் உறக்கம் கலைகிற நிலை வந்துவிட்டால், பலகை தேடுவதை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

கடைசியாக, கடற்கரை ஊரில் இருப்பதை மறந்து வாங்குவது. உப்புக் காற்றும் வியர்வையும் சேர்ந்து ஸ்விட்சுகளைத் தாங்கி வெளியே தெரியும் இரும்புத் தகட்டைத் துருப்பிடிக்க வைக்கின்றன. துணி உறையிட்ட திண்டு ஐப்பசி மழைக்காலத்தில் பூசணம் பிடிக்கும். அலுமினியத் தகடோ பிளாஸ்டிக் தகடோ உள்ளதையும், விரைவில் வழுவழுப்பாகித் தேயாத பிபிடி என்ற பிளாஸ்டிக்கால் ஆன விசைமூடிகளையும் கேளுங்கள். ஸ்விட்சைப் பற்றவைக்காமல் பிடுங்கி மாற்றக்கூடிய வகையாக இருந்தால், ஒரு விசை பழுதானால் அந்த ஒன்றை மட்டும் மாற்றிக்கொண்டு அதே பலகையை மேலும் பல ஆண்டுகள் வைத்துக்கொள்ளலாம். வேலை முடிந்ததும் பருத்தித் துணியால் துடைத்து, சன்னலோரம் விடாமல் மூடி வையுங்கள்.