"நல்லா இருக்கேன் டாக்டர்" என்றால் என்ன மதிப்பெண் போடுவது?

தலையில் அடிபட்டு மூளை ஆபரேஷன் செய்துகொண்டவர் ஆறு மாதம் கழித்து ஓபிக்கு வருகிறார். கேட்டால், "நல்லா இருக்கேன் டாக்டர்" என்கிறார். அதை அப்படியே எழுதிக்கொள்வதுதான் முதல் தவறு. மூளையின் முன்பகுதி பாதிக்கப்பட்டவருக்குத் தன் குறை தெரியாமலே போகலாம். கூட வந்தவரிடம் கேளுங்கள்: இவரை எட்டு மணி நேரம் வீட்டில் தனியே விட முடிகிறதா? கடைக்குப் போய் வருகிறாரா? தனியாக பஸ் ஏறுவாரா? பழைய வேலைக்குத் திரும்பிவிட்டாரா? அடிபடுவதற்கு முன் இதையெல்லாம் செய்துகொண்டிருந்தாரா என்பதையும் கேட்டாக வேண்டும். இல்லையென்றால் பழைய குறை விபத்தின் கணக்கில் ஏறிவிடும்.

அப்புறம், நோயாளியின் நிலைக்கு மதிப்பெண் போடும் அளவுகோல்களில் பெயர்க் குழப்பம். கிளாஸ்கோ கோமா அளவுகோல் 1974இல் வந்தது. 3 முதல் 15 வரை, நினைவு நிலையை மட்டும் சொல்லும். கிளாஸ்கோ விளைவு அளவுகோல் 1975இல் வந்தது. அடிபட்டவர் பிறகு எந்த அளவுக்கு மீண்டார் என்பதைச் சொல்லும். அதில் 1 மரணம், 5 நல்ல மீட்சி. கோமா அளவுகோலில் 15 வாங்கியவர் சட்டைப் பொத்தான் போடத் தெரியாமல் உட்கார்ந்திருக்கலாம். அன்றாட வேலைகளில் எவ்வளவு முடியாமை என்று பார்க்கும் ராங்கின் அளவுகோலோ தலைகீழ்: 0 என்றால் எந்தத் தொல்லையும் இல்லை, 6 மரணம். எந்த அளவுகோல் என்று எழுதாமல் வெறும் எண்ணை எழுதாதீர்கள். ராங்கினில் 3க்கும் 4க்கும் நடுவே பலர் தடுமாறுவார்கள். கைத்தடி ஊன்றி நடந்தால் 3 போடலாம். இன்னொருவர் பிடித்துக்கொண்டால்தான் நடப்பார் என்றால் அது 4. இந்தப் படிகளைக் கூட்டிச் சராசரி போடுவதும் சரியல்ல. 5க்கும் 6க்கும் உள்ள தூரமும் 1க்கும் 2க்கும் உள்ள தூரமும் ஒன்றா?

எனக்கு மிகவும் கவலை தருவது 'நல்ல விளைவு' என்று எங்கே கோடு போடுகிறோம் என்பது. மூளை அழுத்தம் குறையாதவர்களுக்கு மண்டையோட்டின் ஒரு பகுதியை எடுத்துவிடும் அறுவையை 408 பேரிடம் சோதித்த ரெஸ்க்யூ ஐசிபி ஆய்வு 2016இல் வெளியானது. மருந்து சிகிச்சைக் குழுவோடு ஒப்பிட்டால், அறுவைக் குழுவில் ஆறாவது மாதத்தில் மரணம் 48.9 சதவீதத்திலிருந்து 26.9ஆகக் குறைந்தது. ஆனால் நினைவற்ற நிலையிலேயே தங்கிவிட்டவர்கள் 2.1இலிருந்து 8.5 சதவீதமாகக் கூடினார்கள். வெளியே போக உதவி வேண்டும், வீட்டுக்குள் சமாளித்துக்கொள்வார் என்ற நிலையையும் அந்த ஆய்வு நல்ல பக்கத்தில் சேர்த்தது. தவறென்று சொல்லமாட்டேன். ஆனால் குடும்பத்தாரிடம் "நல்ல விளைவு" என்று மட்டும் சொல்லி நிறுத்தினால், அவர்கள் நினைப்பது வேறாக இருக்கும். வீட்டில் நாள் எப்படிப் போகும் என்பதை விளக்கிச் சொல்லுங்கள்.

டிஸ்சார்ஜ் அன்றைய மதிப்பெண்ணோடு நின்றுவிடாதீர்கள். அதே ஆய்வில் 'நல்ல விளைவு' பெற்றவர்களின் விகிதத்தில் இரு குழுக்களுக்கும் இடையிலான வேறுபாடு ஒரு வருடத்தில் இன்னும் விரிந்தது. திரும்ப வராதவர்களைக் கணக்கிலிருந்து விட்டுவிடவும் கூடாது. படுக்கையில் இருப்பவரை வண்டி வைத்து அழைத்துவர வழியில்லாத வீடுகள் அதில் இருக்கும். வரையறுத்த கேள்விகளைப் போனிலேயே கேட்டு மதிப்பெண் போடலாம். பத்து, பதினைந்து நிமிடம் ஒதுக்கிக் கூப்பிடுங்கள்.