பயமும் குறையாமல் பரிதாபமும் வர: பேய் எபிசோடுக்கு வில்லன் எழுதும் முறை

பேய்த் தொடருக்குத் திரைக்கதை எழுத உட்காரும் புதியவர்கள் முதலில் செய்வது, பேய்க்கு ஒரு சோகக் கதை யோசிப்பது. நம் பேய்ப் படங்களில் இடைவேளைக்குப் பிறகு வரும் அந்த நீளமான ஃப்ளாஷ்பேக்கைப் பார்த்துப் பழகிய கை வேறு எப்படி எழுதும்? ஆனால் 42 நிமிட எபிசோடில் ஃப்ளாஷ்பேக்குக்குப் பத்து நிமிடம் கொடுத்தால் பயமுறுத்த நேரம் இருக்காது. பேயின் துக்கத்தை அது செய்யும் கொடுமைக்குள்ளேயே வைத்துவிட வேண்டும். அதைப் படிப்படியாகச் செய்து பார்ப்போம்.

பாடத்துக்கு எடுத்துக்கொள்வது அமெரிக்கத் தொடரான ‘சூப்பர்நேச்சுரல்’. 2005 முதல் 2020 வரை ஓடியது. அதன் இரண்டாவது சீசனில், 2007 மார்ச்சில் ஒளிபரப்பான ‘ரோட்கில்’ என்ற எபிசோட். எழுதியவர் ரேயல் டக்கர். முடிவு உட்பட எல்லாவற்றையும் சொல்லப்போகிறேன், பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள்.

கதை இதுதான். இரவு நெடுஞ்சாலையில் மோலி என்ற பெண்ணின் கார் விபத்துக்குள்ளாகிறது. கணவனைக் காணவில்லை. ரத்தம் சொட்டும் ஓர் ஆள் அவளைத் துரத்துகிறான். அந்த வழியாக வரும் சாம், டீன் என்ற அண்ணன் தம்பி, பேய்களை ஒழிப்பதையே தொழிலாகக் கொண்டவர்கள், அவளுக்குத் துணையாக இறங்குகிறார்கள். துரத்துபவன் ஜோனா கிரீலி. 15 வருடத்துக்கு முன் அதே சாலையில் கார் மோதிச் செத்தவன்.

படி 1: காயத்தை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்

கிரீலிக்கு: ‘கார் மோதி அவன் செத்தான், அந்தத் துக்கம் தாங்காமல் மனைவி மேரியன் தூக்குப் போட்டுக்கொண்டாள்.’ அவ்வளவுதான். உங்கள் பேய்க்கு இரண்டாவது வாக்கியம் தேவைப்பட்டால் கதை ஒரு எபிசோடுக்குப் பெரியது என்று அர்த்தம்.

நாமும் ஒரு பேயை உருவாக்குவோம். பழைய கட்டடம், கம்பிக்கதவு போட்ட லிஃப்ட், அதை இயக்கும் ஆள். காயம்: ‘நாலாவது மாடியில் தீப்பிடித்தது தெரியாமல், லிஃப்ட் நிறைய ஆட்களை அங்கே கொண்டுபோய் இறக்கிவிட்டான், அவனும் அங்கேயே கருகினான்.’

படி 2: கொல்லும் விதம் அந்தக் காயத்திலிருந்தே வரட்டும்

இந்தப் படியில்தான் அதிக நேரம் செலவழிக்க வேண்டும். வில்லன் செய்யும் கொடுமை வேறு, அவன் சோகம் வேறு என்று தனித்தனியாக நின்றால், கடைசியில் காரணம் தெரியவரும்போது ‘ஐயோ பாவம், ஆனா அதுக்காக இப்படியா?’ என்று பார்ப்பவர் கேட்டுவிட்டு எழுந்துபோவார்.

லிஃப்ட்காரனைப் பாருங்கள். அவன் கழுத்தை நெரித்தால் அது எந்தப் பேயும் செய்யும் வேலை. இப்படி வைப்போம்: மூன்றாவது மாடிக்கும் நாலாவது மாடிக்கும் நடுவில் லிஃப்ட் நின்றுவிடுகிறது. உள்ளே இருப்பவன் கம்பிக்கதவை விலக்கி, மேலே தெரியும் இடைவெளி வழியாக நாலாவது மாடித் தரையைப் பிடித்து ஏறப் பார்க்கிறான். இருட்டிலிருந்து ஒரு கை அவன் கணுக்காலைப் பிடிக்கிறது. ‘மேல போகாதீங்க சார்.’ கை கீழே இழுக்கிறது, அதோடு லிஃப்டும் சடாரென்று இறங்குகிறது. பாதி உடம்பு வெளியே இருக்கிறது. மிச்சத்தை நான் எழுத வேண்டியதில்லை.

‘மேல போகாதீங்க சார்’ என்ற அந்த வரி முதல் தடவை மிரட்டல். தீ விபத்து பற்றித் தெரிந்தபின் அதே வரியை அதே குரலில் மறுபடி வையுங்கள், கெஞ்சல். அவன் அத்தனை பேரையும் காப்பாற்றத்தான் பார்த்திருக்கிறான், ஒவ்வொரு தடவையும் அவனே கொன்றிருக்கிறான். ஃப்ளாஷ்பேக் எதற்கு?

படி 3: முதல் பாதியில் காரணம் சொல்லாதீர்கள்

‘ரோட்கில்’லில் கிரீலி முதலில் வெறும் பயம். பார்ப்பவர் நன்றாகப் பயந்து, இவனை ஒழித்தால் போதும் என்று முடிவெடுத்த பிறகுதான் அவன் வீட்டுக்குள் நம்மைக் கூட்டிப்போகிறார்கள். இரக்கத்தை முன்னாலேயே கொடுத்துவிட்டால் பயம் திரும்பி வராது.

படி 4: காரணத்தைப் பொருள் சொல்லட்டும்

கிரீலி எங்கும் தன் கதையைச் சொல்லி அழுவதில்லை. அவன் வீட்டில், கட்டிய மனைவிக்கே அவன் எழுதிய காதல் கடிதம் கிடைக்கிறது. அவனால் துரத்தப்படும் மோலியே அதைப் பார்த்து அழகாக இருக்கிறது என்கிறாள். பிறகு மறைவாக இருக்கும் ஓர் அறையில் மேரியனின் எலும்புக்கூடு, தூக்குப் போட்ட கோலத்திலேயே தொங்குகிறது. இறக்கி அடக்கம் செய்ய ஓர் ஆள்கூட வரவில்லை. கடிதம் ஒன்று, கயிறு ஒன்று, முடிந்தது விஷயம்.

நம் லிஃப்ட்காரனுக்கு? பித்தளைக் கைப்பிடியில் ஒட்டிக் கருகிப்போன உள்ளங்கைத் தோல். கடைசிவரை கைப்பிடியை விடாமல் லிஃப்டைக் கீழே இறக்கப் பார்த்திருக்கிறான் என்று அதுவே சொல்லிவிடும். பக்கத்தில் ஒரு பாத்திரத்தை நிறுத்தி ‘பாவம், காப்பாத்த முயற்சி பண்ணியிருக்கான்’ என்று வசனம் மட்டும் வைத்துவிடாதீர்கள்.

படி 5: இரக்கப்பட ஒருவர், மறுக்க ஒருவர்

தம்பி சாம், இந்த ஆவிகளில் பல ஒரு காலத்தில் நல்ல மனிதர்களாக இருந்தவைதான் என்று மோலியிடம் பரிந்து பேசுகிறான். மேரியனைப் புதைத்துவிட்டுத்தான் போக வேண்டும் என்கிறான். அண்ணன் டீனுக்கு இந்த ஆவிகளையே பிடிக்காது, அவற்றுக்காக வக்காலத்து வாங்கவும் மாட்டான். எழுத்தாளர் இருவரில் யாரையும் ஜெயிக்கவிடவில்லை. எல்லாப் பாத்திரங்களும் சேர்ந்து கண்கலங்கினால் நாம் கலங்க மாட்டோம்.

படி 6: மன்னித்துவிடாதீர்கள்

சோகம் தெரிந்தவுடன் வில்லனைத் திருத்தி, கண்ணீரோடு மறையவைப்பது சுலபம். எனக்கு அது பிடிப்பதில்லை. கதை தெரிந்த பிறகும் கிரீலி மோலியைக் கட்டிவைத்துச் சித்திரவதை செய்கிறான். அண்ணன் தம்பி அவன் எலும்பைத் தோண்டியெடுத்து, உப்புப் போட்டு எரித்த பிறகுதான் (இந்தத் தொடரில் பேயை ஒழிக்கும் வழி அது) அவன் நிற்கிறான்.

அதற்குப் பிறகு வரும் திருப்பம்தான் இந்த எபிசோடின் உயிர். அன்றைக்கு அவனை இடித்த கார் மோலியுடையது. அந்த விபத்தில் அவளும் செத்துப்போனாள், அது அவளுக்குத் தெரியவில்லை. பிழைத்த கணவன் இன்னொருத்தியைக் கல்யாணம் செய்து வாழ்கிறான். இரண்டு பேயில் எது குற்றவாளி, எது பாதிக்கப்பட்டது? கிரீலியின் கோபத்துக்கு நியாயம் உண்டு, மோலியின் பயத்துக்கும் உண்டு. வில்லனுக்குக் காயம் கொடுத்தவரைக் கெட்டவராக எழுதாமல் சாதாரண ஆளாக எழுதுங்கள், இந்தக் கேள்வி தானாக வரும். நம் கதையில், தீயை அணைக்க உதவி வேண்டும் என்று ‘ஆட்களை மேலே அனுப்பு’ என்று பதறிப்போய் போன் செய்த காவலாளியாக அவர் இருக்கலாம். தீ என்று சொல்ல மறந்துவிட்டார், அவ்வளவுதான். இப்போது வயதாகி அதே கட்டடத்தின் வாசலில் உட்கார்ந்திருக்கிறார். அவரைக் கடைசிக் காட்சியில் லிஃப்டுக்குள் ஏற்றுங்கள்.

எழுதி முடித்ததும் காரணம் தெரியவரும் பக்கங்களை மட்டும் உருவிவிட்டு நண்பரிடம் கொடுங்கள். படித்துவிட்டு அவர் பயந்தால் பேய் தேறிவிட்டது. பிறகு உருவிய பக்கங்களையும் கொடுங்கள். ‘முதல்லேர்ந்து இன்னொரு தடவை படிச்சிட்டுத் தரேன்’ என்று அவர் கேட்டால் வசனத்தை மெருகேற்றப் போகலாம். கேட்காவிட்டால் வசனத்தில் கை வைக்காமல் படி 2-க்குத் திரும்புங்கள்.