விதைப் பட்டியலுக்கு முன் களைப் படம்

முதல் உறைபனி விழுந்த வாரம், எல்லோரும் விதைப் பட்டியலை விரித்து வைத்துக்கொண்டு கனவு காண்கிற நேரத்தில், நான் ஒரு பழைய கணக்கு நோட்டையும் பென்சிலையும் ஒரு கட்டு மூங்கில் குச்சியையும் தூக்கிக்கொண்டு தோட்டத்துக்குப் போவேன். போய் களைகளைப் படம் வரைவேன். என் மனைவி ஜன்னல் வழியாகப் பார்த்து, "தக்காளியை வரையச் சொன்னா கோரையை வரையறீங்க" என்பாள். உண்மைதான். ஆனால் தக்காளியை எங்கே நடுவது என்று எனக்குச் சொல்வதே அந்தக் கோரைதான்.

குளிர்கால வேலைகளில் இதை முதலில் வைப்பதற்கு ஒரு காரணம் உண்டு. பனி பட்டதும் அருகம்புல் வைக்கோல் நிறத்துக்கு மாறிவிடும். பச்சையோடு பச்சையாக மறைந்திருந்தது, இப்போது பாய் விரித்த மாதிரி பளிச்சென்று தெரியும். கோரையின் தாளும் காய்ந்து பழுப்பாகி, மேலே பூங்கதிரோடு நிற்கும். ஆனால் அது அதிக நாள் நிற்காது. இரண்டு மழை பெய்தால் தாள் மக்கி, கிழங்கு மட்டும் கீழே நிம்மதியாகத் தூங்கும். வசந்தம் வரை எங்கே இருந்தது என்றே தெரியாது. அதனால் பார்த்த இடத்தில் உடனே ஒரு குச்சி ஊன்றிவிடுங்கள். கோரைக்கு நுனியில் சிவப்புத் துணி கட்டிய குச்சி, அருகுக்கு வெறும் குச்சி. நோட்டில் பாத்திகளைக் கட்டம் போட்டு, குச்சி நிற்கும் இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். படம் அழகாக இருக்க வேண்டியதில்லை. என் நோட்டில் பாத்தி ஒன்று பலகை மாதிரியும் பாத்தி இரண்டு தோசைக்கல் மாதிரியும் இருக்கிறது.

இந்தப் பழக்கம் ஞானத்தால் வந்ததல்ல, பட்ட அடியால் வந்தது. தோட்டம் தொடங்கிய இரண்டாம் ஆண்டில், மண் இறுகிக் கிடக்கிறதே என்று ஒரு சிறிய ரோட்டவேட்டரை வாடகைக்கு எடுத்து மூன்று பாத்தியையும் ஓட்டினேன். அன்று மாலை மண் மாவு போல இருந்தது, எனக்கோ பெருமை தாங்கவில்லை. ஆறு வாரத்தில், முன்பு ஒரு மூலையில் இருந்த கோரை மூன்று பாத்தியிலும் நடவு நட்ட மாதிரி வரிசையாக எழுந்து நின்றது.

ஏன் அப்படி ஆனது என்பது புரிந்தால் பாதி வேலை முடிந்தது. கோரை ஒற்றைச் செடியாகத் தெரிந்தாலும் மண்ணுக்கடியில் அது மணிமாலை. ஒரு கிழங்கு, அதிலிருந்து கம்பி போல ஒரு மெல்லிய தண்டு, அதன் முனையில் இன்னொரு கிழங்கு, மறுபடி கம்பி. மாலை அறுபடாமல் இருக்கும்வரை நுனியில் முளைத்த கிழங்கு மற்றவற்றை முளைக்கவிடாமல் அடக்கி வைத்திருக்கும். கத்தி பட்டு மாலை அறுந்ததும் அந்தத் தடை போய்விடும், ஒவ்வொரு மணியும் தனித்தனியாக முளைக்கும். நான் ரோட்டவேட்டரால் செய்தது அதைத்தான். காசு கொடுத்து எழுப்பிவிட்டேன்.

அருகம்புல்லின் கதையும் கிட்டத்தட்ட இதுவே. அதற்குக் கிழங்கு கிடையாது. மண்ணுக்கு மேலே ஒரு கொடி, மண்ணுக்குள்ளே கூர்நுனியோடு வெள்ளையாக ஒரு தண்டு, இரண்டிலும் கணுவுக்குக் கணு உயிர். விரல் நீளத் துண்டில் ஒரு கணு இருந்தால் போதும். ஆல்போல் தழைத்து அருகுபோல் வேரோட வேண்டும் என்று வாழ்த்துகிறவர்கள் ஒரு நாளாவது அருகைத் தோண்டிப் பார்த்தவர்களாகத்தான் இருக்க வேண்டும்.

சரி, தோண்டும் முறை. முதலில் மண்ணைக் கேளுங்கள். ஒரு பிடி மண்ணை அள்ளி உருண்டை பிடித்து, கட்டை விரலால் தட்டுங்கள். உதிர்ந்தால் தோண்டலாம். பளபளவென்று உருண்டையாகவே நின்றால் வீட்டுக்குள் போய்விடுங்கள். ஈரம் மிகுந்த மண்ணை மிதித்து வெட்டினால் அது இறுகிவிடும், அப்புறம் அந்த வசந்தம் முழுவதும் கட்டி உடைப்பதே வேலையாகிவிடும். மண்வெட்டியை விடப் பல் உள்ள கவைதான் இதற்கு ஏற்றது. வெட்டாமல் தூக்கும். குச்சி ஊன்றிய இடத்துக்கு ஒரு சாண் தள்ளி கவையை இறக்கி, நெம்பி, மண்ணோடு மேலே கொண்டுவந்து, கையால் உதிர்த்துப் பிரித்தெடுக்க வேண்டும். வேகமாக இழுத்தால் கோரைத் தாள் கையோடு வரும், கிழங்கு கீழே சிரிக்கும்.

போன குளிர்காலத்தில் ஒரு சதுர அடியை மட்டும் எடுத்துக்கொண்டு, முக்காலி போட்டு உட்கார்ந்தேன். முதல் கிழங்கு கருப்பாக, நார் போர்த்தி, சுண்டைக்காய் அளவில் வந்தது. அதிலிருந்து போன கம்பியை விரலால் தடவிக்கொண்டே போனால் ஒரு கல்லுக்கு அடியில் நுழைந்தது. கல்லைப் புரட்டினால் அங்கே இரண்டு. அதில் ஒன்று பழசு, நகத்தால் கீறினால் உள்ளே வெள்ளையாக, கெட்டியாக, நல்ல உயிரோடு இருந்தது. வாசனை கூட நன்றாகத்தான் இருந்தது, அதை ஒப்புக்கொள்ள வேண்டும். முக்கால் மணி நேரத்தில் 37 கிழங்கு. பெரும்பாலானவை ஒரு சாண் ஆழத்துக்குள்ளேயே கிடைத்தன. மூன்று பாத்தியையும் இப்படியே சலிக்க முடியுமா? முடியாது. அதனால் நான் இப்போது கோரை புதிதாகக் குடியேறிய ஓரங்களை மட்டும் இப்படித் தோண்டுகிறேன். பழைய காலனியைத் தோண்டுவதில்லை, அதற்கு வேறு வழி வைத்திருக்கிறேன், கீழே வருகிறது.

தோண்டி எடுத்ததை என்ன செய்வது? அருகுத் தண்டையும் கோரைக் கிழங்கையும் உரக்குழியில் போடாதீர்கள். நன்றாகச் சூடேறுகிற பெரிய குவியல் 55 டிகிரி செல்சியஸைத் தாண்டும், அங்கே பெரும்பாலான களை விதைகள் சாகும். வீட்டுக் குவியல் குளிர்காலத்தில் வெதுவெதுப்பாக இருந்தாலே பெரிது. அதனால் ஒரு தகரத்தில் பரப்பி, மழை படாத இடத்தில், ஒடித்தால் சடக்கென்று ஒடியும்வரை காயவிடுங்கள். நான் ஒரு முறை சோம்பலில் வரப்பு மேலேயே குவித்து வைத்தேன். அடியில் இருந்தவை வரப்பிலேயே வேர் விட்டுவிட்டன.

குளிரிலேயே முளைத்து வளரும் சின்னக் களைகளும் உண்டு. மெத்தென்று தரையோடு படரும், வசந்தம் எட்டிப் பார்ப்பதற்குள் பூத்து விதை உதிர்த்துவிடும். இவற்றுக்கு வேர் ஆழமில்லை. காய்ந்த நாள் பார்த்து களைக்கொத்தால் மேலாகச் சுரண்டினால் போதும். பூத்துவிட்டிருந்தால் மட்டும் அங்கேயே போடாமல் அள்ளிவிடுங்கள். பிடுங்கிய பிறகும் விதை முற்றும் ஜாதிகள் இருக்கின்றன.

விதை விழுந்தால் என்ன, அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறவர்களுக்கு ஒரு செய்தி. அமெரிக்காவின் மிஷிகனில் 1879-ல் வில்லியம் ஜேம்ஸ் பீல் என்ற தாவரவியலாளர் களை விதைகளை மணலோடு கலந்து 20 பாட்டில்களில் நிரப்பிப் புதைத்தார். சில காலத்துக்கு ஒரு முறை ஒவ்வொன்றாகத் தோண்டி முளைக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்பது ஏற்பாடு. 2021-ல் ஒரு பாட்டிலை எடுத்து ஈரத்தில் வைத்தார்கள். 142 ஆண்டு கழித்தும் ஒரு களையின் விதைகள் முளைத்தன. எல்லா விதையும் இப்படி இல்லைதான். ஆனாலும் அதைப் படித்த நாளிலிருந்து என் மண்ணை ஆழமாகப் புரட்டுவதை விட்டுவிட்டேன். கீழே இருப்பது கீழேயே இருக்கட்டும். ஒவ்வொரு புரட்டலும் பழைய விதைகளை வெளிச்சத்துக்குக் கொண்டுவருகிறது, பலவற்றுக்கு முளைக்க அந்த வெளிச்சமே தூண்டுதல்.

இப்போது நடவுத் திட்டத்துக்கு வருவோம். களைப் படத்தின் மேல் மெல்லிய தாளை வைத்து, பென்சிலால் பயிர்களை எழுதுங்கள். விதி ஒன்றே ஒன்று: முளைக்கத் தாமதிக்கிற, இலை மெலிந்த, நிழல் தராத பயிரைக் களை இல்லாத இடத்தில் வையுங்கள். கேரட் முளைக்கவே இரண்டு மூன்று வாரம் எடுக்கும். வெங்காயத்தின் இலை ஊசி மாதிரி, கடைசிவரை மண்ணை மூடாது. இவை இரண்டையும் குச்சியே இல்லாத பாத்திக்குக் கொடுத்துவிடுகிறேன். சிவப்புத் துணி கட்டிய இடத்தில் பூசணி, உருளைக்கிழங்கு மாதிரி சீக்கிரம் பந்தல் போட்டது போல் மூடும் பயிர்கள். கோரைக்கும் அருகுக்கும் நிழல் ஆகாது. நிழல் அவற்றைக் கொன்றுவிடாது, ஆனால் இளைக்க வைக்கும். பழைய காலனிக்கு என் வழி இதுதான்.

அட்டைப்பெட்டியை விரித்து மேலே இலை மூடாக்கு போடுவது நல்ல யோசனை என்று பலரும் சொல்வார்கள். விதையில் முளைக்கும் களைக்கு அது அருமையாக வேலை செய்கிறது. பிளாஸ்டிக் நாடாவை உரித்து, ஓரங்கள் ஒரு சாண் ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி விரித்து, நனைத்து, நான்கு விரல் கனத்துக்கு இலை போடுங்கள். கோரை விஷயத்தில் ஏமாறாதீர்கள். அதன் முளை ஊசி போலக் கூர்மை, பிளாஸ்டிக் விரிப்பையே துளைத்துக்கொண்டு வரும், அட்டை எம்மாத்திரம்.

என் இரண்டாம் பாத்தியில் அருகு பாதிக்கு மேல் பிடித்துவிட்டதால், இந்த முறை அங்கே எதுவும் நடப்போவதில்லை என்று எழுதியிருக்கிறேன். வெயில் உச்சத்துக்கு வரும்போது புல்லை ஒட்ட வெட்டி, நீர் பாய்ச்சி, கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தாளை மண்ணோடு ஒட்டப் போர்த்தி, ஓரங்களை மண்ணால் மூடி ஆறு வாரம் வேகவைக்கப் போகிறேன். தாள் கருப்பாக இருக்கக் கூடாது, வெயில் உள்ளே இறங்க வேண்டும். ஒரு பருவ விளைச்சலை விட்டுக்கொடுப்பது எனக்கு இன்னும் வலிக்கிறது. விதைப் பட்டியல் கையில் இருக்கும்போது இந்த முடிவை எடுக்கவே முடியாது, அதற்காகத்தான் படத்தை முன்னால் வரையச் சொல்கிறேன்.

நேரடியாக விதைக்கும் பாத்திக்கு இன்னொரு உத்தி. விதைக்கும் நாளுக்கு மூன்று வாரம் முன்பே பாத்தியைத் தயார் செய்து, நீர் தெளித்து, எதுவும் விதைக்காமல் விட்டுவிடுங்கள். களைகள் தமக்குத்தான் விருந்து என்று நம்பி முளைக்கும். இரண்டு இலை விட்டதும் காய்ந்த காலையில் மண்ணின் மேல் ஒரு விரல் அளவுக்குள் மட்டும் சுரண்டிவிட்டு, உடனே விதையுங்கள். ஆழமாகக் கிளறினால் அடுத்த கூட்டத்துக்கு அழைப்பு வைத்த மாதிரி.

நாட்கணக்கை உங்கள் இடத்தில் வழக்கமாகக் கடைசி உறைபனி விழும் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். மிளகாய், கத்தரி நாற்றுக்கு 8 முதல் 10 வாரம். தக்காளிக்கு 6 முதல் 8 வாரம், அதற்கு மேல் ஒரு நாள் கூட வேண்டாம். ஆசையில் 12 வாரம் முன்பே விதைத்த ஆண்டு, ஜன்னலோரம் என் தக்காளி நாற்றுகள் நூல் மாதிரி நீண்டு, ஒன்றன் தோளில் ஒன்று சாய்ந்துகொண்டு நின்றன. பட்டாணியும் கீரை வகைகள் சிலவும் மண் 5 டிகிரி இருந்தாலே மெதுவாக முளைக்கும். பீன்ஸுக்கு 15 வேண்டும். ஒரு மண் வெப்பமானி வாங்கிக்கொண்டால் இந்தக் குழப்பம் தீரும்.

பழைய விதை இருந்தால் பத்து விதையை ஈரத் துணியில் சுருட்டி, வெதுவெதுப்பான இடத்தில் பத்து நாள் வையுங்கள். ஏழு எட்டு முளைத்தால் தைரியமாக விதைக்கலாம். நான்கு என்றால் இரட்டிப்பாக விதையுங்கள். வெங்காய விதைக்கு மட்டும் இந்தச் சோதனையே வீண், ஒரு வருடம் தாண்டினால் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்கிவிடுவேன்.

மற்ற வேலைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தண்ணீர்க் குழாய்களை வடித்துச் சுருட்டி வையுங்கள், உறைந்தால் வெடிக்கும். மண்வெட்டியைத் தேய்த்துக் கூர் போட்டு, மரப்பிடிக்கு ஆளிவிதை எண்ணெய் பூசுங்கள். எண்ணெய் தொட்ட துணியைக் கசக்கி மூலையில் எறியாதீர்கள், அது தானாகவே சூடேறித் தீப்பற்றக்கூடும், வெளியே விரித்துக் காயவிடுங்கள். கவாத்து செய்வதானால் ரோஜாவையும் திராட்சையையும் ஓய்வில் இருக்கும்போதே செய்துவிடுங்கள். திராட்சையைத் தாமதித்து வெட்டினால் வெட்டுவாயிலிருந்து நீர் சொட்டிக்கொண்டே இருக்கும். வசந்தத்தின் தொடக்கத்தில் பூக்கும் புதர்களைத் தொடாதீர்கள், போன வருடமே மொட்டு கட்டி வைத்திருக்கின்றன, பூத்து முடித்த பிறகு வெட்டலாம்.

அப்புறம் குச்சிகளைப் பிடுங்கி எறிந்துவிடாதீர்கள். மண் சூடேறியதும் கோரை முதலில் தலை காட்டுவது அந்தக் குச்சிகளின் காலடியில்தான். ஐந்தாறு இலை வரும்வரை அது புதுக் கிழங்கு கட்டாது, பழைய கிழங்கின் சேமிப்பைத் தின்றுதான் வளரும். அதற்குள் பிடுங்கிவிட்டால் அந்தச் செலவு அதற்கு நட்டம். மறுபடி முளைக்கும், பத்துப் பன்னிரண்டு முறை கூட முளைக்கத் தெம்புள்ள கிழங்கு இருக்கிறது. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை குச்சி குச்சியாக ஒரு சுற்று போய், எத்தனை பிடுங்கினேன் என்று நோட்டில் எழுதுகிறேன். மூன்றாம் பாத்தியில் முந்தின வசந்தத்தின் முதல் சுற்றில் 140. போன வசந்தத்தின் முதல் சுற்றில் 52. இந்த வருடத்துக் கட்டம் இன்னும் காலியாக இருக்கிறது, சிவப்புத் துணிகள் மட்டும் தயாராகிவிட்டன.