மூலம் என்று நாமே பெயர் வைத்துவிடும் முன்

மலத்தில் ரத்தத்தைக் கண்டவர்களில் பலர் மருத்துவரைப் பார்ப்பதற்கு முன்பே நோய்க்குப் பெயர் சூட்டிவிடுகிறார்கள். மூலம். மருந்துக்கடையில் ஒரு களிம்பு, சில நாள் காரம் குறைத்த சாப்பாடு, அவ்வளவுதான். ரத்தம் நின்றால் குணமாகிவிட்டது என்று நினைக்கிறார்கள். மூன்று மாதம் கழித்து மீண்டும் வந்தால் மீண்டும் அதே களிம்பு. பெருங்குடல், மலக்குடல் சிகிச்சையில் நடக்கும் தவறுகளில் பெரும்பாலானவை, பார்க்காமலேயே பெயர் வைக்கும் இந்தப் பழக்கத்தில்தான் தொடங்குகின்றன. நோயாளி மட்டுமல்ல, அவசரப்படும் மருத்துவமனையும் இதைச் செய்கிறது.

மூலம், வெடிப்பு, பவுத்திரம், சீழ்க்கட்டி என்று தமிழில் தனித்தனிச் சொற்கள் இருக்கின்றன. ஆனாலும் பேச்சில் எல்லாம் மூலமாகிவிடுகிறது. உள்மூலம் பொதுவாக வலிக்காது; மலம் கழித்து முடிக்கும்போது பளிச்சென்ற சிவப்பு ரத்தம் சொட்டும். மலம் கழிக்கும்போது கண்ணாடித் துண்டு கீறுவது போல வலித்து, அந்த எரிச்சல் மணிக்கணக்கில் நீடித்தால் அது பெரும்பாலும் வெடிப்பு. ஆசனவாய்க்கு அருகே சிறு துளை ஒன்று சீழ் வடித்து, மூடிக்கொண்டு, மீண்டும் உடைந்தால் பவுத்திரத்தை நினைக்க வேண்டும். உட்கார முடியாதபடி விண்விண்ணென்று தெறித்து, காய்ச்சலும் சேர்ந்தால் அது சீழ்க்கட்டி. ஆன்டிபயாடிக் மாத்திரையை மட்டும் நம்பிக் காத்திருப்பது வீண். கீறிச் சீழை வெளியேற்றினால்தான் ஆறும். ஒன்றுக்கான சிகிச்சை மற்றொன்றுக்குப் பொருந்தாது. ஸ்டீராய்டு கலந்த களிம்பை மாதக்கணக்கில் தடவினால் அங்குள்ள தோல் மெலிந்து புதிய தொல்லை வேறு சேரும்.

இதைவிட முக்கியமானது ஒன்று உண்டு. மூலம் இருப்பது புற்றுநோய் இல்லை என்பதற்குச் சான்று அல்ல. ஒரே ஆளிடம் இரண்டும் இருக்கலாம். கீழே மூலம் கண்ணுக்குத் தெரிய, மேலே கட்டி அமைதியாக வளரலாம். மலம் கழிக்கும் பழக்கம் வாரக்கணக்கில் மாறியிருப்பது, காரணமில்லாமல் எடை குறைவது, ரத்தசோகை ஆகியவற்றில் எது சேர்ந்தாலும் மூலத்தின் மீது பழி போட்டுவிட்டு நகரக் கூடாது. தார் போன்ற கருத்த மலம் வயிறு அல்லது சிறுகுடலின் மேல்பகுதியில் ரத்தம் கசிவதைக் குறிக்கலாம். இரும்புச்சத்து மாத்திரையும் மலத்தைக் கருக்க வைக்கும், பீட்ரூட் சிவக்க வைக்கும். ஆகவே என்ன சாப்பிட்டோம் என்பதை மருத்துவரிடம் சொல்லிவிடுவது நல்லது.

அடுத்த தவறு கூச்சத்தால் வருவது. விரலால் செய்யும் ஆசனவாய்ப் பரிசோதனையை வேண்டாம் என்று சொல்லிவிடுகிறார்கள். ஒன்றிரண்டு நிமிடத்தில் முடிகிற வேலை அது. மலக்குடல் சுமார் 15 செ.மீ. நீளமுடையது, அதன் கீழ்ப்பகுதியில் உள்ள கட்டியை விரலே கண்டுபிடித்துவிடும். கடுமையாக வலிக்கும் வெடிப்பு இருப்பவருக்கு மட்டும் அதைத் தள்ளிப்போடலாம். மற்றபடி, விரலாலோ சிறு குழாயாலோ பார்க்காமல் அறுவை சிகிச்சைக்குத் தேதி குறிக்கும் மருத்துவரை நான் நம்பமாட்டேன். மாறாக, பலர் வயிற்று அல்ட்ராசவுண்ட் அறிக்கையை நீட்டி, எல்லாம் சரியாக இருக்கிறது என்று ஆறுதல் அடைகிறார்கள். அந்த ஸ்கேன் பித்தப்பையையும் கல்லீரலையும் நன்றாகக் காட்டும். குடலின் உட்சுவரில் உள்ள சிறு பாலிப்பை, அதாவது சதை வளர்ச்சியை, காட்ட அதை நம்ப முடியாது.

பரிசோதனைகளை வரிசை மாற்றிச் செய்வதிலும் குழப்பம் நிறைய. மலத்தில் மறைந்திருக்கும் ரத்தத்தைக் கண்டறியும் எஃப்.ஐ.டி சோதனை, பெரும்பாலும் அறிகுறி ஏதும் இல்லாதவர்களைச் சலித்தெடுக்கப் பயன்படுவது. கண்ணுக்குத் தெரிந்தே ரத்தம் போகிறவர் அதைச் செய்து, இல்லை என்று வந்ததும் நிம்மதியாகத் தூங்குவது ஆபத்து. அறிகுறி இல்லாதவருக்கு ரத்தம் இருப்பதாக வந்துவிட்டால், ஒருவேளை தவறாக இருக்குமோ என்று அதே சோதனையைத் திரும்பச் செய்வதும் தவறு. அடுத்த படி, கேமரா பொருத்திய குழாயைச் செலுத்திப் பெருங்குடலை உள்ளே பார்க்கும் கொலோனோஸ்கோபிதான். முழு உடல் பரிசோதனைத் தொகுப்புகளில் சேர்த்து விற்கப்படும், சி.இ.ஏ என்ற புரதத்தை அளக்கும் ரத்தச் சோதனையும் புற்றுநோயைத் தேடுவதற்கு உரியதல்ல. புகைபிடிப்பவருக்கு அது கூடுதலாக இருக்கலாம். ஆரம்பக் கட்டப் புற்றுநோயில் இயல்பாகவே இருக்கலாம். நோய் உறுதியான பிறகு அதைக் கண்காணிப்பதில்தான் அதற்கு வேலை. இன்னொன்று: ஆண்களுக்கும் மாதவிடாய் நின்ற பெண்களுக்கும் இரும்புச்சத்துக் குறைவு வந்தால், மாத்திரை கொடுத்து ஹீமோகுளோபினை ஏற்றிவிட்டு விட்டுவிடக் கூடாது. ரத்தம் எங்கே போகிறது என்று வயிற்றையும் பெருங்குடலையும் பார்த்தாக வேண்டும்.

அறிகுறி இல்லாதவர்கள் பெருங்குடல் புற்றுநோய்க்கான இந்தச் சலித்தெடுப்பை எப்போது தொடங்குவது? சராசரி அபாயம் உள்ளவர்களுக்கு 50 வயது என்றிருந்ததை அமெரிக்கத் தடுப்பு மருத்துவப் பணிக்குழு 2021-ல் 45 ஆகக் குறைத்தது. பெற்றோர் அல்லது உடன்பிறந்தவருக்குப் பெருங்குடல் புற்றுநோய் வந்திருந்தால் இந்தக் கணக்கு செல்லாது. 40 வயது, அல்லது அவருக்கு நோய் கண்ட வயதிலிருந்து 10 ஆண்டு குறைத்து, இரண்டில் எது முன்னதோ அது. குடும்பத்தில் யாருக்கு என்ன நோய் என்று கேட்டுவைக்காமல் மருத்துவரிடம் போகிறவர்கள் இந்த ஒரு கேள்வியில் தடுமாறுவார்கள்.

கொலோனோஸ்கோபியில் கெட்டுப்போவது பெரும்பாலும் முந்தைய நாள். குடலைச் சுத்தம் செய்யும் திரவம் குடிக்க இனிமையானது அல்ல, அதை யாரும் மறுக்கவில்லை. பாதி குடித்ததும் போய்க்கொண்டேதான் இருக்கிறதே, போதும் என்று நிறுத்திவிடுகிறார்கள். வெளியேறுவது தெளிந்த மஞ்சள் நிற நீராகும்வரை சுத்தமாகவில்லை. அரைகுறையாகச் சுத்தமான குடலில் சிறு பாலிப்புகள் மறைந்துவிடும். அதே துன்பத்தை இன்னொரு முறை அனுபவிக்க நேரும். திரவத்தை இரண்டு பங்காகப் பிரித்து, இரண்டாவது பங்கைப் பரிசோதனை நாளன்று சில மணி நேரம் முன்பு குடிப்பது ஒரே மூச்சில் முதல்நாளே குடிப்பதைவிட நன்றாகச் சுத்தம் செய்கிறது. விதை, தோல், நார் மிகுந்த உணவுகளைச் சில நாள் முன்பே விலக்க வேண்டும். சிவப்பு, ஊதா நிறப் பானங்கள் ரத்தம் போலத் தோன்றும் என்பதால் அவையும் கூடாது. இரும்புச்சத்து மாத்திரையைச் சுமார் ஒரு வாரம் முன்பே நிறுத்தச் சொல்வார்கள்.

மாத்திரை விஷயத்தில் சொந்த முடிவு எதுவும் வேண்டாம். இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர், ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரையைத் தானாக நிறுத்திவிட்டு வந்து நிற்பது உயிருக்கே ஆபத்து. நிறுத்தாமல், சொல்லாமல் வருவதும் ஆபத்துதான். சர்க்கரை நோய்க்கு எம்பாகிளிஃப்ளோசின், டபாகிளிஃப்ளோசின் போன்றவற்றைச் சாப்பிடுகிறவர்களுக்குத் திட்டமிட்ட அறுவை சிகிச்சைக்குச் சில நாள் முன்பே அதை நிறுத்தச் சொல்வது வழக்கம்; பட்டினி கிடக்கும்போது ரத்தத்தில் அமிலம் கூடிவிடும் நிலை வரலாம். கொலோனோஸ்கோபியை மயக்க மருந்து தந்து செய்தால் அன்று வண்டி ஓட்டக் கூடாது, துணைக்கு ஆள் வேண்டும்.

தனியார் மருத்துவமனையில் கத்தி விரைவாகக் கிடைக்கும். அந்த வேகமே சில நேரம் சிக்கல். முதல், இரண்டாம் நிலை மூலத்துக்கு, அதாவது வெளியே தள்ளாத அல்லது தள்ளினாலும் தானே உள்ளே போய்விடும் மூலத்துக்கு, பெரும்பாலும் நார்ச்சத்து, தண்ணீர், தேவைப்பட்டால் மூலத்தின் அடியில் ரப்பர் வளையம் போட்டு உதிரச் செய்வது போதும். ஆனால் லேசர், வலியில்லை, அன்றே வீடு திரும்பலாம் என்ற விளம்பரத்தைப் பார்த்து வந்தவர் வளையத்தைக் கேட்டுக்கூடத் தெரிந்துகொள்வதில்லை. லேசரில் வலி குறைவு என்பது உண்மை. வெட்டி எடுக்கும் பழைய முறையைவிட அதில் நோய் திரும்பும் வாய்ப்பு அதிகம் என்பதும் உண்மை. அதை விளம்பரம் சொல்லாது. வேறு அறுவை சிகிச்சைகளிலும் இந்த அவசரம் உண்டு. வேறு காரணத்துக்காக எடுத்த ஸ்கேனில் தற்செயலாகத் தெரிந்த, வலி தராத பித்தப்பைக் கற்களைப் பெரும்பாலும் அப்படியே விட்டுவைக்கலாம். தொடை மடிப்பில் வரும் எல்லாக் குடலிறக்கமும் ஒன்றல்ல. தொந்தரவு குறைவாக உள்ள ஆணின் கவட்டைக் குடலிறக்கத்தைக் கவனித்தபடி காத்திருக்கலாம். அதற்குச் சற்றுக் கீழே வரும், பெண்களிடம் அதிகம் காணப்படும் தொடைக் குடலிறக்கம் சிக்கி இறுகும் அபாயம் கூடியது, அதைத் தள்ளிப்போடக் கூடாது. செய்யாவிட்டால் என்ன ஆகும் என்ற கேள்விக்கு நேரான பதில் தராத இடத்தில் இன்னொரு மருத்துவரின் கருத்தைக் கேட்பது தவறல்ல. செலவு மதிப்பீட்டில் மயக்க மருத்துவர், குடலிறக்கத்துக்கு வைக்கும் வலைத்துணி, திசுப் பரிசோதனை, எதிர்பாராமல் கூடுதல் நாள் தங்குவது ஆகியவை அடங்குமா என்று எழுத்தில் வாங்குங்கள். காப்பீடு இருந்தால் முன் அனுமதியையும் அதே நாளில் கேளுங்கள்.

பரிசோதனை முடிந்ததும், ஒன்றுமில்லை என்ற வாய்ச்சொல்லோடு கிளம்பிவிடுவது கடைசித் தவறு. பாலிப் எடுத்திருந்தால், அடுத்த கொலோனோஸ்கோபி எப்போது என்பதை அதன் எண்ணிக்கையும் அளவும் திசு அறிக்கையும்தான் முடிவு செய்யும். 10 மி.மீ. அல்லது அதைவிடப் பெரிய பாலிப் இருந்தால் அடுத்ததைச் சீக்கிரமே செய்யச் சொல்வார்கள். எடுத்த இடத்தில் இரண்டு வாரம் கழித்துக்கூட ரத்தம் கசியலாம். கடும் வயிற்று வலி, காய்ச்சல், நிறைய ரத்தம் வந்தால் உடனே திரும்ப வேண்டும். அறிக்கையின் நகலை வாங்கி மூன்றை மட்டும் தேடுங்கள்: கருவி பெருங்குடலின் தொடக்கமான சீக்கம் வரை போனதற்கான படம், குடல் எவ்வளவு சுத்தமாக இருந்தது என்ற குறிப்பு, கருவியை வெளியே இழுக்க எடுத்த நேரம். பாலிப் எதுவும் இல்லாத குடலிலும் அது 6 நிமிடத்துக்குக் குறையக் கூடாது.