ஜூன் மாதம் திடீரென்று வருவதில்லை

கடலூரில் எங்கள் மகளிர் குழுவின் கணக்கு நோட்டு என் பொறுப்பு. கடன் கேட்கிறவர்கள் வீட்டு வரவுசெலவையும் எழுதிக் கொண்டுவர வேண்டும் என்பது குழுவில் வழக்கம். புதிதாகச் சேர்ந்த பெண்களின் நோட்டுகளைப் புரட்டினால் எரிச்சலும் சிரிப்பும் சேர்ந்தே வருகின்றன. கல்யாணமான புதிதில் நான் எழுதிய நோட்டில் இருந்த அதே ஓட்டைகள், அதே இடங்களில்.

விளக்கை அணையுங்கள், பட்டியல் போட்டுக்கொண்டு கடைக்குப் போங்கள் என்றெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. அது எல்லாருக்கும் தெரியும். ஒழுங்காகக் கணக்கு எழுதுகிறவர்களே சறுக்குகிற இடங்கள் சில உண்டு. பேச்சு அவற்றைப் பற்றித்தான்.

வருடாவருடம் வருவதைத் ‘திடீர்ச் செலவு’ என்பது

திருப்பாதிரிப்புலியூரிலிருந்து வருகிற ஒரு பெண். அவள் நோட்டைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். பத்து ரூபாய்க் கொத்தமல்லிக் கட்டுக்கும் தேதி போட்டு எழுதியிருக்கிறாள். விடிந்ததும் உழவர் சந்தைக்குப் போய்விடுவாள். ஜூன் மாதப் பக்கத்தில் மட்டும் தனியாக ஒரு வரி: ‘நகை வைத்தது 40,000’. என்ன இது என்று கேட்டேன். “பிள்ளைங்க ஃபீஸ் அக்கா, திடீர்னு வந்துடுச்சு.”

ஜூன் எப்படித் திடீரென்று வரும்? போன வருடமும் மே முடிந்து ஜூன்தானே வந்தது? இந்த ஒரு பதிலை மட்டும் என்னால் இன்றுவரை பொறுமையாகக் கேட்க முடிவதில்லை. தீபாவளியும் திடீரென்று வருகிறதாம், வண்டி இன்சூரன்சும் திடீரென்று வருகிறதாம், ஐப்பசி மழையில் ஒழுகுகிற மாடியும் அப்படித்தானாம். கடலூரில் இருந்துகொண்டு மழையைத் திடீர் என்று சொல்ல ஒரு தைரியம் வேண்டும்.

அடகுக்கடையில் இரண்டு வட்டி. 40,000 ரூபாய்க்கு மாதம் 800. பத்து மாதம் கழித்து, ஏப்ரலில் மீட்டாள். வட்டி மட்டும் 8,000 ரூபாய், அதாவது எண்ணூறு கொத்தமல்லிக் கட்டு. வங்கியில் வைத்திருந்தால் பாதிக்கும் குறைவாக முடிந்திருக்கும். ஆனால் அவசரத்தில் ஓடுகிறவர்கள் பக்கத்துத் தெருக் கடைக்குத்தான் ஓடுவார்கள். ஏப்ரலில் மீட்ட வளையல் ஜூனில் மறுபடியும் அதே கடைக்குப் போயிற்று.

அவளை உட்காரவைத்து ஒரு வருடச் செலவை எழுதவைத்தேன். பள்ளிக் கட்டணம் 36,000. தீபாவளி 15,000. மொய், சீர் 18,000. பொங்கலும் குலதெய்வம் கோயிலும் 8,000. வண்டி இன்சூரன்ஸ், சர்வீஸ் 6,000. வீட்டு வரி 3,000. மழைக்காலப் பழுது, மிக்ஸி, மின்விசிறி ரிப்பேர் 10,000. கூட்டினால் 96,000. பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 8,000.

வீட்டுக்கு வருகிற சம்பளம் 38,000. அத்தனையும் இந்த மாதத்துக்கு என்று நினைத்துக் குடும்பம் நடத்துகிறாள். உண்மையில் அவள் கையில் இருப்பது 30,000. மீதி எட்டாயிரம் ஏற்கெனவே ஜூனுக்கும் தீபாவளிக்கும் சொந்தமாகிவிட்டது.

“அவ்ளோ மிச்சம் பிடிக்க முடியாது அக்கா” என்பாள் அடுத்து. எல்லாரும் அதைத்தான் சொல்வார்கள். முடியாத அந்தப் பணத்தைத்தான் வட்டியோடு சேர்த்துக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். முதல் வருடம் எல்லாவற்றுக்கும் ஒதுக்க வராது, சரி. பெரியது ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அக்டோபரில் தொடங்கி மே வரை எட்டு மாதம், மாதம் 4,500 போட்டால் பள்ளிக் கட்டணம் தயார்.

எங்கே போடுவது? அஞ்சலகத் தொடர் வைப்பு ஐந்து ஆண்டுத் திட்டம், இந்த வேலைக்கு ஒத்துவராது. பள்ளிக் கட்டணம்போல ஒரே மாதத்தில் வருவதற்கு, அந்த மாதத்தில் முடிகிற மாதிரி வங்கியில் ஓர் ஆர்.டி. (தொடர் வைப்பு) போதும். வருடம் முழுக்கச் சிதறி வருகிற மற்றவற்றுக்குத் தனியாக ஒரு சேமிப்புக் கணக்கு வேண்டும். அஞ்சலகத்தில் 500 ரூபாயில் திறக்கலாம். எங்கே திறந்தாலும் அந்தக் கணக்கைப் போனில் இணைக்காதீர்கள். இணைத்த கணக்கிலிருந்து பணம் பிரியாணிக்குப் போய்விடும்.

மொய் எவ்வளவு வரும் என்று எப்படித் தெரியும் என்று கேட்கிறவர்களுக்கு: உங்கள் வீட்டு மொய் நோட்டை எடுங்கள். யாருக்குத் திருப்பிச் செய்ய வேண்டும், எவ்வளவு என்பது அதிலேயே இருக்கிறது. வைகாசியிலும் ஆவணியிலும் தையிலும் பத்திரிகை குவியும், ஆடியிலும் மார்கழியிலும் குவியாது. வீட்டு வரியை அரையாண்டு தொடங்கிய 30 நாளுக்குள், ஏப்ரலிலும் அக்டோபரிலும் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை உண்டு. பணம் ஒதுக்கி வைத்தவர்களுக்குத்தான் அது கிடைக்கும்.

பன்னிரண்டு மாதத்துக்கும் ஒரே தொகை

மளிகைக்கு இது சரி. மீனுக்கும் காய்கறிக்கும் சரிவராது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. வஞ்சிரம் விலை கேட்டால் கேட்டவர் முகம் மாறும். அந்த இரண்டு மாதமும் கருவாடு, ஏரி மீன், முட்டை என்று ஓட்டுங்கள். புரட்டாசியில் பாதி ஊர் சைவமாகிவிடும். விரதம் இல்லாத வீடுகளுக்குத் துறைமுகத்தில் நல்ல மீன் மலிவாகக் கிடைக்கிற மாதம் அது. கார்த்திகை மழையில் தக்காளிக்கும் கீரைக்கும் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.

பாண்டி பெட்ரோல்

எல்லை தாண்டினால் லிட்டருக்கு ஐந்தாறு ரூபாய் குறைவு என்று முள்ளோடை வரை ஸ்கூட்டரில் போகிறவர்களைப் பார்க்கிறேன். நாலு லிட்டர் போட்டால் இருபது, இருபத்துநாலு ரூபாய் மிச்சம். போக வர இருபது கிலோமீட்டர் என்று வைத்தாலும் வண்டி குடிப்பது நாற்பது ரூபாய்க்கு. வழியில் ஒரு டீ, வடை வேறு. வேலைக்கு அந்தப் பக்கம் தினமும் போகிறவர்கள் அங்கேயே போட்டுக்கொள்ளட்டும். மற்றவர்கள் மஞ்சக்குப்பத்திலேயே போடுங்கள்.

500 யூனிட்டைக் கவனிக்காமல் தாண்டுவது

தமிழ்நாட்டில் கரண்ட் பில் இரண்டு மாதத்துக்கு ஒன்று. முதல் 100 யூனிட் இலவசம் என்பது வரை எல்லாருக்கும் தெரியும். அடுத்த 100 யூனிட்டுக்குப் பாதி விலைதான் என்பதும், மொத்தம் 500 தாண்டினால் அந்தச் சலுகை பறிபோகும் என்பதும் பலருக்குத் தெரியாது. 2022 செப்டம்பரில் வந்த விகிதத்தில் 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2.25 ரூபாய். 500 தாண்டினால் அதே யூனிட்டுகளுக்கு 4.50. ஒரே ஒரு யூனிட் கூடுதலாக ஓடியதற்கு 225 ரூபாய் அபராதம் மாதிரி. அதற்குப் பிறகு விகிதம் ஏறியிருக்கிறது, ஆனால் கணக்கின் போக்கு இதுதான்.

ரீடிங் எடுத்த தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள். முப்பதாம் நாள் நீங்களே மீட்டரைப் பாருங்கள். 250 தாண்டியிருந்தால் ஏசி நேரத்தைக் குறைக்க இன்னும் ஒரு மாதம் கையில் இருக்கிறது. புதுச்சேரியில் குடியிருப்பவர்களுக்கு இது பொருந்தாது. அங்கே மின்துறையும் வேறு, விகிதமும் வேறு.

‘இதர’

மூவாயிரம் ரூபாய்க்கு இந்தப் பெயர் கிடையாது. பிரித்து எழுதுங்கள்.

ரேஷன் பருப்பை விட்டுவிடுவது

கிலோ 30 ரூபாய்த் துவரம் பருப்பையும் லிட்டர் 25 ரூபாய்ப் பாமாயிலையும் வாங்க வெட்கப்படுகிறவர்களிடம் சிக்கனம் பேச எனக்கு நேரமில்லை.

சிறுவாடு

அரிசி டப்பாவில் பணம் வைப்பது நல்ல பழக்கம்தான். அளவு தெரியாமல் வைப்பதுதான் தவறு. 2016 நவம்பர் 8 இரவு 500, 1000 நோட்டு செல்லாது என்றதும், எங்கள் தெருவில் கணவருக்குத் தெரியாத பணமெல்லாம் கணவர் கையாலேயே வங்கி வரிசைக்குப் போயிற்று. டப்பாவில் கிடக்கிற பணத்துக்கு வட்டியும் கிடையாது.

இப்போது புதிதாக வருகிறவர்கள் நேரெதிர். வீட்டில் ஒரு ரூபாய் இல்லை, எல்லாம் போனில். 2011 டிசம்பர் 30இல் தானே புயல் அடித்தபோது இங்கே எத்தனையோ நாள் கரண்ட் இல்லை. 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயலில் புதுச்சேரியில் ஒரே நாளில் 48 சென்டிமீட்டர் மழை கொட்டியது. கரண்ட் இல்லாமல், டவர் இல்லாமல் ஸ்கேன் பண்ணிப் பால் வாங்க முடியாது. ஐப்பசி பிறந்ததும் இரண்டு வார மளிகைக்கான பணத்தைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு மேல் தட்டில் வைத்துவிடுங்கள். பத்து, இருபது, ஐம்பது ரூபாய் நோட்டுகளாக வையுங்கள். புயல் நாளில் ஐந்நூறு ரூபாய்த் தாளை நீட்டினால் எந்தக் கடைக்காரரிடமும் சில்லறை இருக்காது.